சுத்தாத வயர்

ஜன்னல் ஓரம் நீங்களே உக்காருங்க தம்பி. எனக்கு இந்த ஓரம்தான் சௌகரியம், காலை நீட்டிக்கலாம். வலது தொடையில ஒரு இரும்புத் துண்டு இருக்குது, ரொம்ப நேரம் மடக்கினா கோவிச்சுக்கும். வெங்கடாபுரம் கூட்ரோட்டுல இறங்கணும். ஒரு மணி நேரம் ஆகும்ல?

ஆமா, மிலிட்டரிதான். பையைப் பாத்துக் கேக்கறீங்களா? கேன்டீன்ல வாங்கினது. அட, சல்யூட்டெல்லாம் எதுக்கு தம்பி? கையை இறக்குங்க, பின்சீட்டுல பாக்கறாங்க.

நான் சிக்னல்ல லைன்மேன். வயர் இழுக்கறவன். துப்பாக்கி குடுத்தாங்க, தோள்ல மாட்டிகினு திரிஞ்சேன். பதினேழு வருஷத்துல ஒரு ஆளைக் குறி வெச்சுச் சுட்டதில்ல. எழுபத்தொண்ணு சண்டையில பஞ்சாப் பார்டர்ல இருந்தேன். அதுக்கு ஒரு பேப்பர் குடுத்தாங்க. கடும் குண்டுவீச்சுக்கு நடுவிலும் தொலைபேசித் தொடர்பைச் சீர்செய்தார்னு இங்கிலீஷ்ல அடிச்சு, கர்னல் கையெழுத்தோட. என் பையன் அதைக் கண்ணாடி போட்டுக் கூடத்துல மாட்டி வெச்சிருக்கான். அதுல ஒரு வார்த்தை பொய் இல்ல தம்பி. அதான் எனக்கு ஆத்திரமே.

இப்ப ஒரு படையலுக்குப் போய்க்கினு இருக்கேன். அந்தச் சண்டையில என்கூட இருந்து செத்துப்போனவன் தனகோட்டி. கார்த்திகை கடைசில அவன் திதி வரும். அவன் பொண்டாட்டி அம்சவேணி வருஷா வருஷம் போட்டோவுக்கு முன்னால அவனுக்குப் பிடிச்சதெல்லாம் சமைச்சு வெச்சுக் கும்பிடுவா. கும்பிட்டு முடிச்சதும் மொதல் இலை எனக்கு. நான் உக்காந்து ஒரு வாய் வெச்சாத்தான் மத்தவங்க கை நனைப்பாங்க. கடைசியா அவர்கூட போன்ல பேசினவருன்னு எனக்கு அந்த மரியாதை. அம்பது வருஷத்துக்கு மேல அந்த இலையில சாப்பிடறேன். ஒரு வருஷம் கூட தவறினதில்ல. ரெண்டாம் தடவை சாம்பார் கூட கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கேன். வெக்கம் கெட்ட வயிறு.

போன வாரம் அம்சவேணி போன் பண்ணா. "அண்ணா, இந்த வருஷம் கொஞ்சம் சீக்கிரமா வந்துடு. எனக்கு இப்பல்லாம் மறந்து மறந்து போகுது. அடுப்புல பால் வெச்சதை மறக்கறேன், பேத்தி பேரை மறக்கறேன். அவரு கடைசியாச் சொன்னதையும் மறந்துடுவேனோன்னு பயமா இருக்குது. நீ உன் வாயால இன்னொரு தடவை முழுசாச் சொல்லு. பேத்தி செல்போன்ல புடிச்சு வெச்சுக் குடுக்கறேன்னா. நான் தினம் போட்டுக் கேட்டுக்கறேன்"னு சொன்னா.

சரிம்மான்னுட்டேன். அன்னையிலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல. ஏன்னா, அவன் கடைசியாச் சொன்னதுன்னு நான் அவகிட்ட சொன்னது அவன் சொன்னதே இல்ல. நானாக் கட்டிவிட்டது. இத்தனை நாளு அது வெறும் பேச்சு. இன்னைக்கு மெஷின்ல ஏறப்போகுது. நான் செத்த பின்னாடியும் அந்தப் பொய்யை என் குரல்லயே அவ தினம் கேட்டுகினு உக்காந்திருப்பா. அதனால இன்னைக்கு உண்மையைச் சொல்லிடறதுன்னு கெளம்பியிருக்கேன். திடீர்னு சொன்னா வாய் வராது. சொல்லிப் பழகணும்ல? அதான் உங்களைப் பிடிச்சேன். முகம் தெரியாத ஆளு, இறங்கிப் போயிட்டா மறந்துடுவீங்க.

நான் ஆசைப்பட்டு மிலிட்டரிக்குப் போனவன் இல்ல தம்பி. எங்க பக்கம் வீட்டுக்கு ஒருத்தன் போவான். போகாத வீட்டுக்குப் பொண்ணு குடுக்க யோசிப்பாங்க. எங்க வீட்ல எங்க அண்ணன் போறதா இருந்துது. வேலூர் கோட்டை மைதானத்துல ஆள் எடுத்தாங்க. அவன் பையைத் தூக்கிகினு துணைக்குப் போனவன் நான். அண்ணனைப் பாதம் தட்டையா இருக்குதுன்னு கழிச்சுட்டாங்க. எங்க நைனா அவனை ஒரு நிமிஷம் பாத்தாரு, என்னை ஒரு நிமிஷம் பாத்தாரு. "சட்டையைக் கழட்டுடா"ன்னு வரிசையில தள்ளிவிட்டுட்டாரு. மார்பு அளக்கும்போது நான் மூச்சை இழுக்காமலே நின்னேன், அளவு பத்தாதுன்னு அனுப்பிடுவாங்கன்னு. அந்த ஹவில்தார் என்னை மாதிரி எத்தனை பேரைப் பாத்திருப்பான்! முதுகுல விட்டான் ஒரு அறை. கபக்னு காத்து உள்ள போச்சு. டேப்பைப் பாத்து, பாஸ்னான்.

எனக்குப் பின்னால நின்னு அதைப் பாத்துக் கெக்கேபிக்கேன்னு சிரிச்சவன்தான் தனகோட்டி. வெங்கடாபுரத்துக்காரன். எங்க ஊருக்கும் அவன் ஊருக்கும் பத்து மைல். அன்னைக்குப் பிடிச்சுகினான் என் கையை. ரயில்ல பக்கத்துல உக்காந்தான், ஜபல்பூர் டிரெயினிங்ல பக்கத்துக் கட்டில். "முனிரத்தினம், மூச்சு விடுடா, மூச்சு விடுடா"ன்னு ஆறு மாசம் அதையே சொல்லிச் சிரிச்சான். ரெண்டு பேரையும் ஜோடியா லைன்மேன் ஆக்கினாங்க.

வேலை இன்னான்னா, பின்னால ஆபீசர் இருக்கற எடத்துலேர்ந்து முன்னால சண்டை போடற ஆளுங்க வரைக்கும் தரையில வயர் ஓட்டணும். ரெண்டு முனையிலயும் போன். போனுக்குப் பக்கவாட்டுல ஒரு கைப்பிடி இருக்கும், இந்தப் பக்கம் சுத்தினா அந்தப் பக்கம் மணி அடிக்கும். குண்டு விழுந்து வயர் அறுந்துதுன்னா, லைன்மேன் ஒருத்தன் வயரைக் கையில உருவிக்கினே போகணும். அறுந்த எடம் வந்ததும் தன்கிட்ட இருக்கற போனை மாட்டி அந்தப் பக்கமும் பேசி இந்தப் பக்கமும் பேசிப் பாத்து, முறுக்கி, டேப் சுத்தணும். கை பழகினவனுக்கு ஒரு நிமிஷ வேலை.

இன்னொண்ணு இருக்குது. முன்னால இருக்கறவங்க பின்வாங்கினா எல்லாரும் வந்துடுவாங்க. லைன்மேன் வரக்கூடாது. அந்த வயரை ஒரு அடி விடாம டிரம்ல சுத்திகினு கடைசி ஆளா வரணும். வயரை எதிரிக்கு விடக்கூடாதுன்னு ரூல். நெஞ்சுல டிரம்மைக் கட்டிகினு, குனிஞ்சு சுத்திச் சுத்தி நடக்கணும். ஓட முடியாது, படுக்க முடியாது. எங்க கண்ணு முன்னாலயே ஒரு மலையாளத்துப் பையன் அப்படிச் சுத்திகினு வந்தான். மத்தவங்கல்லாம் பள்ளத்துல குதிச்சாச்சு. இவன் மட்டும் வெட்டவெளியில சுத்திகினே இருந்தான். நாங்க போய் எடுக்கும்போது டிரம் கைப்பிடியிலேர்ந்து அவன் விரலைப் பிரிக்க வேண்டியிருந்துது. ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கல. தனகோட்டிதான் சப்பாத்தியைப் பிச்சுப் பிச்சு வாயில வெச்சான்.

அதுக்கு மறுநாள்தான் இது நடந்தது.

முன்னால ஒரு செங்கல் சூளை. அதுல நம்ம ஆளுங்க பத்து பேரு, அவங்களுக்குத் தலைவனா ஒரு நாயக். போன் பாக்கறதுக்கு ஒரு லைன்மேன் அங்க போகணும். முறைப்படி அது என் முறை. தனகோட்டி என் முகத்தைப் பாத்தான். "நீ பின்னால இரு, நான் போறேன்"னு போயிட்டான். சூளைக்கும் எங்க ஆபீசர் இருந்த எடத்துக்கும் நடுவுல ஒரு மைல் இருக்கும். பாதி கரும்புத் தோட்டம், பாதி வெட்டவெளி. அவங்ககிட்ட இருந்த வயர்லெஸ் செட்டு முந்தின நாளே போச்சு. இந்த வயர் ஒண்ணுதான் அவங்களுக்கு.

காலையில பஞ்சாப் பனி எப்படி இருக்கும் தெரியுமா? நம்ம மார்கழிப் பனியெல்லாம் ஒண்ணுமே இல்ல. கையை நீட்டினா விரல் தெரியாது. எட்டரை மணிக்கு லைன் செத்துப்போச்சு. கேப்டன் என்னைப் பாத்தாரு. போனேன். வயரை உருவிக்கினே போனேன். கரும்புத் தோட்டம் முடியற எடத்துல ஒரு வாய்க்கால் பள்ளம், தண்ணி இல்ல. அதுலதான் அறுந்து கெடந்துது. அதுக்கு மேல வெட்டவெளி. அங்க அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு குண்டு விழுந்துகினு இருந்துது.

அங்கதான் தம்பி, கட்டிங் பிளேயர் சேத்துல விழுந்துடுச்சு. பனியில கண்ணு தெரியல, விரல் மரத்துப் போச்சு. தேடித் தேடி எடுக்கறதுக்குள்ள பனி விலகிடுச்சு. சூளையை எதிரி பாத்துட்டான். டேங்க் வந்துது. நான் சேக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. பதினோரு பேரும் தனகோட்டியும், மொத்தம் பன்னெண்டு. திரும்பி வந்தது ரெண்டு பேரு.

இதான் எல்லார்கிட்டயும் சொன்னது. என் பொண்டாட்டிகிட்ட, என் பையன்கிட்ட.

கண்டக்டர் ஏதோ கேக்கறாரு பாருங்க. டிக்கெட் எடுத்தாச்சுப்பா, வெங்கடாபுரம். ஆமா.

பிளேயர் விழல தம்பி. என் பெல்ட்டுலதான் இருந்துது. தண்ணியே இல்லாத வாய்க்கால்ல சேறு எங்கேர்ந்து வரும்? அம்பது வருஷமா ஒருத்தரும் இதைக் கேக்கல.

நடந்தது இதுதான். மொதல்ல போனைப் பின்பக்க முனையில மாட்டிச் சுத்தினேன். எக்ஸ்சேஞ்சுல எடுத்தான். உடனே கேப்டன் வாங்கினாரு. "முன்னால ஆர்டர் சொல்லணும். பனி விலகறதுக்குள்ள சூளையைக் காலி பண்ணிட்டு எல்லாரும் பின்னால வந்துடணும். லைன் பார்ட்டி வயரைச் சுத்திகினு கடைசியா வரணும். சீக்கிரம் சேரு"ன்னாரு. மணி ஒன்பது. ஒன்பதுன்னு அவரே சொன்னாரு.

லைன் பார்ட்டின்னா யாரு? நானும் தனகோட்டியும். அவங்கல்லாம் பனியில ஓடி வந்துடுவாங்க. நாங்க ரெண்டு பேரும் ஒரு மைல் வயரைச் சுத்தணும். பாதி சுத்தறதுக்குள்ள பனி போயிடும். எனக்கு அந்த மலையாளத்துப் பையன் விரல்தான் கண்ணு முன்னால நின்னுது. ரெண்டு முனையும் என் கையில இருக்குது. ஒரு நிமிஷ வேலை. நான் சேக்கல.

கொஞ்ச நேரம் கழிச்சு சேக்கலாம்னுதான் நெனச்சேன். குண்டு கொஞ்சம் அடங்கட்டும்னு நெனச்சேன். பத்தரை வரைக்கும் பனி இருக்கும்னு எல்லாரும் சொன்னாங்க தம்பி. தினம் பத்தரை வரைக்கும் இருந்துது. அன்னைக்குப் பாத்து ஒம்பதே முக்காலுக்கே விலகினா அது என் தப்பா? சொல்லுங்க. இல்ல, சொல்லாதீங்க.

நடுவுல கேப்டன் கூப்பிட்டாரு. "ஏன் இவ்வளவு நேரம்? சூளைக்கு ஓடிப் போய்ச் சேதி சொல்ல ரன்னர் ஒருத்தனை அனுப்பவா?"ன்னாரு. ரன்னர் வந்தான்னா இந்தப் பள்ளத்து வழியாத்தான் வரணும். ரெண்டு முனையையும் கையில வெச்சுகினு நான் சும்மா படுத்திருக்கறதைப் பாப்பான். "வேணாம் சாப், அஞ்சு நிமிஷத்துல சேத்துடறேன்"னேன். அப்பால இன்னொரு தடவை கேட்டாரு. அப்பவும் அஞ்சு நிமிஷம்னேன். ஒரு ஆள் ஓடினா போதும், பத்து உயிர் பொழைச்சிருக்கும். அந்த ஆளையும் நான்தான் நிறுத்தினேன். இதை இந்தப் பஸ்லதான் மொதல் தடவையா வாய்விட்டுச் சொல்றேன். எனக்கே காது கூசுது.

தண்ணி இருக்குதா தம்பி? ஒரு வாய் குடுங்க. போதும்.

முன்பக்க முனையில தனகோட்டி இருந்தான். அந்தப் பக்கமும் போனை மாட்டிப் பேசினேன். பேசாம இருந்திருக்கலாம். பேசினேன். "முனி, எதனா ஆர்டர் வந்துதாடா?"ன்னான். "இல்ல. அறுந்த எடம் இன்னும் பின்னால இருக்குது, தேடிகினு இருக்கேன்"னேன்.

அவனும் லைன்மேன்தான். என் குரல்லயே கண்டுபிடிச்சுட்டான், நான் எங்கியோ பதுங்கிகினு இருக்கேன்னு. ஆர்டர் வந்துதுன்னு மட்டும் அவனுக்குத் தெரியாது. அப்பால சொன்னான். "முனி, பயமா இருந்தா அங்கயே படுத்துக்கோ. எழுந்திரிக்காதே. லைனைப் பாத்துகினு இருக்கான்னு நாயக்கிட்ட நான் சொல்லிக்கறேன். அவசரமில்ல. மூச்சு விடுடா, நான் இருக்கேன்."

அதான் அவன் கடைசியாப் பேசினது.

நான் போனைக் கழட்டிட்டேன். முனையைக் கையில பிடிச்சுகினேன், விட்டா பனியில மறுபடி தேடணும்னு. அவன் அப்பப்ப கைப்பிடியைச் சுத்துவான், லைன் வந்துடுச்சான்னு பாக்க. அங்க சுத்தினா இங்க வெறுங்கம்பியில கரண்ட் வரும். சின்ன கரண்ட்தான், ஆளைக் கொல்லாது. விரல் சுருக்குனு இழுக்கும். எப்பவும் மூணு சுத்துதான் சுத்துவான். மூணு சுருக்கு. நிக்கும். மறுபடி மூணு. நான் இருக்கேன், நான் இருக்கேன்னு சொல்ற மாதிரி. நான் அதைப் பிடிச்சுகினே படுத்திருந்தேன்.

பனி ஒரு ஓரத்துலேர்ந்து கிழிஞ்சுது. சூளையோட புகைபோக்கி மொதல்ல தெரிஞ்சுது. அப்பால டேங்க் சத்தம். அப்பால வெடி. என் விரல்ல கரண்ட் வந்துது, மூணு இல்ல. நிறுத்தாம வந்துது. சுத்திகினே இருந்தான். கை முட்டி வரைக்கும் இழுத்துது. அப்பால நின்னுது.

அப்ப சேத்தேன். அரை நிமிஷம் ஆகல தம்பி. முறுக்கி, டேப் போட்டு, பின்னால சுத்தி, "லைன் ஓகே, முனிரத்தினம்"னு பேர் சொன்னேன். அவங்க நேரத்தோட எழுதிக்கினாங்க. முன்னால சுத்தினேன். யாரும் எடுக்கல. எழுந்து ஓடி வரும்போது தொடையில இது பாய்ஞ்சுது. ஆஸ்பத்திரியில கெடக்கும்போது பேப்பர் வந்துது. குண்டுவீச்சுக்கு நடுவுலதான் சேத்தேன், பொய்யே இல்ல.

இதுல பெரிய கூத்து இன்னா தெரியுமா? எந்த வயரைச் சுத்தணுமேன்னு பயந்து பத்து பேரைச் சாகவிட்டேனோ, அந்த வயரைச் சுத்துன்னு யாரும் என்னைக் கூப்பிடவே இல்ல. எல்லாம் கலைஞ்சு ஓடினோம். வயர் அங்கயே கெடந்துது. இப்பவும் மண்ணுக்குள்ள கெடக்கும்.

மூணு மாசம் கழிச்சு லீவுல வந்தேன். அவன் பெட்டியைக் குடுக்க வெங்கடாபுரம் போனேன். அம்சவேணிக்கு இருபது வயசு இருக்கும், ஏழு மாச வயிறு. பெட்டியைத் தொடக்கூட இல்ல. "அண்ணா, கடைசியா இன்னா சொன்னாரு?"ன்னா. அதை மட்டும்தான் கேட்டா.

உண்மையைச் சொன்னா, ஏன் அவர் உன்னைப் படுத்துக்கோன்னு சொன்னாருன்னு அடுத்து கேப்பா. நான் இன்னா பண்ணேன் தெரியுமா? வர்ற வழியில பஸ்ஸு ஒரு பூங்காவனத்தம்மன் கோயில் கிட்ட நின்னுது, டயர் மாத்த. அந்தப் பேர் வாயில இருந்துது. "பொண்ணு பொறந்தா பூங்காவனம்னு பேர் வைக்கச் சொன்னான். உன்னை அழாம இருக்கச் சொன்னான்"னுட்டேன். பொண்ணுதான் பொறந்துது. அதே பேர்தான் வெச்சா.

அந்தப் பூங்காவனம் இன்னைக்கு டீச்சரு. அம்பது வயசு தாண்டிடுச்சு. ஸ்கூல்ல பேரைச் சொல்லிக் கிண்டல் பண்ணாங்களாம். மாத்திக்கோன்னு புருஷன் வீட்ல சொன்னாங்களாம். "எங்கப்பா குண்டடி பட்டுகினு இருக்கும்போது எனக்கு வெச்ச பேரு, மாத்த மாட்டேன்"னு சண்டை போட்டிருக்கா. என்கிட்டயே சொன்னா, நான் அவங்க வீட்டு மொதல் இலையில உக்காந்து வடையைப் பிட்டுகினு இருக்கும்போது. தலையை ஆட்டினேன்.

மிலிட்டரியை விட்டு வெளியில வந்தப்புறம் டெலிபோன் ஆபீஸ்ல வேலை குடுத்தாங்க. லைன்மேன்தான், வேற இன்னா தெரியும்? இருபத்திரெண்டு வருஷம். புயல்ல, மழையில, போஸ்ட் மேல ஏறி சேத்திருக்கேன். யாரு கூப்பிட்டாலும் அஞ்சு நிமிஷத்துல போவேன். நான் போட்ட ஜாயின்ட் பிரிஞ்சதா ஒருத்தன் சொல்லட்டும். ஆபீசர்லாம் முனிரத்தினம் மாதிரி வேலைக்காரன் இல்லம்பாங்க. வெங்கடாபுரத்துல மொதல் போன் அம்சவேணி வீட்டுக்குத்தான் வாங்கிக் குடுத்தேன். அவ அதுல வேற யாருக்கும் பேச மாட்டா. வருஷத்துக்கு ஒரு தடவை எனக்குப் பண்ணுவா, படையலுக்கு வான்னு.

அவன் கடைசியாச் சொன்னது அவளுக்குச் சேர வேண்டிய சொத்து இல்லையா? அதை நான் எடுத்து வெச்சுகினேன். மூச்சு விடுடா, நான் இருக்கேன்னு எனக்குச் சொன்னான். எவ்வளவு நல்ல வார்த்தை. அவ புருஷன் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு அந்த ஒரு வார்த்தையில தெரிஞ்சிருக்கும். அதைக் குடுக்கணும்னா கூடவே என்னையும் குடுக்கணும். அதான் குடுக்கல. இன்னைக்குக் குடுத்துடுவேன். பேத்தி போனை நீட்டட்டும், மொத்தத்தையும் சொல்லிடறேன். அப்பால அந்த இலையில உக்கார விடுவாங்களோ, செருப்பை எடுப்பாங்களோ, அவங்க இஷ்டம். அவ செருப்பால அடிச்சாலும் எனக்கு...

பாருங்க, போன். சட்டைப் பையிலதான். மணி சத்தம் எனக்கு ஆகாதுன்னு பேரன் இப்படி அதிர்ற மாதிரி வெச்சுக் குடுத்தான். அவனுக்கு எப்படித் தெரியும்? கையில பிடிச்சுப் பாருங்க தம்பி. சுருக்கு சுருக்குனு. இல்ல, எடுக்காதீங்க. இப்படியே பிடிச்சுகினு இருந்தா தானா நின்னுடும். நின்னுடுச்சு பாத்தீங்களா?

வெங்கடாபுரம் வந்துடுச்சா? ஆமா, கூப்பிடறாரு. தோ, அந்தப் புளியமரத்தடியில பச்சைப் புடவை கட்டிகினு நிக்குதே, அதான் பூங்காவனம். என்னைக் கூட்டிகினு போக நேர்லயே வந்து நிக்குது. பக்கத்துல அந்தச் சின்னப் பொண்ணு, கையில செல்போன் வெச்சுகினு. இந்தப் பக்கம் பாக்குது.

இறங்கறேன் தம்பி. கால் மரத்துப் போச்சு. ஒரு நிமிஷம். நீங்க கொஞ்சம் முன்னால சாஞ்சு உக்காருங்க, ஜன்னல் மறையட்டும்.

கண்டக்டர், நீ விசில் அடிப்பா. யாரும் இறங்கல.

மறுபடி அடிக்குது. இது அம்சவேணி நம்பர். நான் எடுக்கறேன். எடுத்துச் சொல்லிடறேன்.

ஹலோ. ஆமாம்மா, நான்தான். வந்துகினு இருக்கேன். இல்லம்மா, பஸ் இன்னும் பின்னாலதான் இருக்குது, கொஞ்சம் நேரம் ஆகும். பூங்காவனம் நிக்குதா? நிக்கட்டும். இல்ல, நிக்க வேணாம், வெயில்ல எதுக்கு. நீங்கல்லாம் சாப்பிடுங்க. அட, சாப்பிடும்மா. சரி. சரிம்மா.

அவசரமில்லண்ணா, மெதுவா வா, இலை போட்டுட்டோம், நாங்க இருக்கோம்னு சொல்றா.

தம்பி, இந்த பஸ்ஸு கடைசியா எங்க போய் நிக்கும்?